பரணிலிருந்து இறக்கிய பெட்டி

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. தேர்தல் வேலை பார்க்கிற கம்பெனி கூப்பிடுகிறது, சம்பளமும் நல்ல சம்பளம், ஆராய்ச்சியை இத்தோடு விட்டுவிடட்டுமா என்று கேட்டாய். பேசினால் குரல் உடைந்துவிடும். அதனால்தான் கடிதம்.

மேடைப் பேச்சை ஆராய்வதெல்லாம் பழைய சங்கதி, ட்விட்டரில் வருவதை எண்ணினால்தான் வேலை கிடைக்கும் என்று யாரோ உன் மனதைக் கலைத்திருக்கிறார்கள். அதையும் யாராவது எண்ணத்தான் வேண்டும். ஆனால் அப்பா 30 வருஷம் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்தவன். பேச்சாளர் “அவர்களே, அவர்களே” என்று பெயர்களை அடுக்கி முடிக்கும்வரை கூட்டம் கடலை கொறித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஓரிடத்தில் அவர் தோள் துண்டைச் சரிசெய்து மூச்சை இழுப்பார். குரல் ஏறப்போகிறது என்று என் கைக்குத் தெரிந்துவிடும். உடனே வால்யூமைக் குறைப்பேன், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் குழாய் கத்திவிடும். பின்னால் டீக்கடையில் நிற்பவர்கள்கூட அந்த நேரம் கிளாஸை வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

கீழே “கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே” என்று கேட்ட அதே மனுஷன் மேலே ஏறினதும் வேறு தமிழ் பேசுவார். எனக்கு அது பழகிப்போனது. அதை ஆராய்வதற்கென்றே ஒருவர் அமெரிக்காவிலிருந்து நம் மதுரைக்கு வந்தார், பெர்னார்ட் பேட் என்று பெயர், என்று நீதான் சொன்னாய். அந்தச் செந்தமிழ் ஏதோ பழங்காலத்து மிச்சம் இல்லை, மக்களாட்சிக் காலத்தில் திராவிட இயக்க மேடைகளில் வளர்ந்த புதுசு என்று 2009இல் புத்தகமே எழுதினாராமே. நான் ஒயர் இழுத்த கூட்டங்களில் அவர் எங்காவது நோட்டோடு உட்கார்ந்திருப்பாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அவர் 1908க்குப் போனார் என்றாய். தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியது, அங்கே கோரல் மில் என்ற பஞ்சாலையில் நடந்த வேலைநிறுத்தம், அவர்களைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொந்தளித்தது. அந்த வழக்கில் வ.உ.சி.க்கு முதலில் 40 வருஷம் விதித்தார்கள். அந்தக் குரல்களை இன்று கேட்க வழியில்லை. தண்டிப்பதற்காகப் போலீஸார் எடுத்த குறிப்புகளில் தேடித்தான் அந்தப் பேச்சை மீட்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை முடிப்பதற்குள் பேட் 2016இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எழுதி வைத்ததை நண்பர்கள் சேர்த்து 2021இல் வெளியிட்டார்கள். இதைச் சொல்லும்போது உன் குரல் கம்மிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கம்பெனியில் எந்த வரிக்குக் கைதட்டுவார்கள் என்று மட்டும் கேட்பார்கள். நீ முதல் வருஷம் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? “கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவங்க என்னப்பா பேசிக்கிட்டாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. அதை நீ கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, பாப்பா.

பணக் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. மாடி போர்ஷன் வாடகையை இந்த மாதத்திலிருந்து உன் கணக்கில் போடுகிறேன். அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

பரணிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்கிவிட்டேன். நான் பதிவு செய்த கேசட்டுகள் 63 இருக்கின்றன. பாதிக்குப் பூஞ்சை பிடித்திருக்கிறது, மெல்லப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறேன். நேற்று ஒத்தக்கடைக் கூட்டம் ஒன்று ஓடியது. பேச்சுக்கு நடுவே முன்வரிசையில் யாரோ ஒரு அம்மா “அப்படிச் சொல்லுய்யா” என்கிறார், அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அட்டையில் ஊரும் தேதியும்தான் இருக்கின்றன. யார் பேசியது என்று கேட்டுக் கேட்டு எழுதி வருகிறேன். 11 முடிந்திருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது பெரிய பையாக எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா