பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பழைய மண்டபங்களுக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புக் காரையே பூசுங்கள் என்று உங்களில் பலர் இப்போது சொல்கிறீர்கள். மகிழ்ச்சி. சிமென்ட் பூச்சு பழைய செங்கல் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லை உதிர்க்கும். ஆனால் ஒப்பந்தத்தில் ‘சுண்ணாம்பு’ என்று எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்போது சுட்டது, எப்படி நீற்றுவது (சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் கரையவைப்பது) என்பதையும் எழுதுங்கள்.

சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் வேகும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது. சுத்தமான கல் 100 கிலோ போட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. நீற்றிப் பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்து மறுபடி கல்லாக இறுகும். சுவரில் நடக்க வேண்டிய இந்த வேலை மூட்டையிலேயே நடந்துவிடுவதுதான் சிக்கல். திறந்து கிடக்கும் சுண்ணாம்பு முதலில் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பொடியாகும், அப்புறம் வாயுவையும் வாங்கிச் செத்துப்போகும். அதில் எவ்வளவு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தாலும் பிடிப்பு வராது. அதனால் புதிதாகச் சுட்ட கட்டியாகவே வாங்கி, வேலையிடத்திலேயே குழி வெட்டி நீற்றுங்கள். சில வாரங்களாவது தண்ணீருக்கடியில் ஊறட்டும். அவசரப்பட்டால், நீறாத துகள்கள் சுவரில் ஏறிய பின் ஈரம் பட்டு ஊதி, பூச்சைச் சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கவைக்கும். கொத்தனாரைத் தேதி சொல்லி நெருக்கிவிட்டுச் சுண்ணாம்பின்மேல் பழி போடுவது நியாயமில்லை.

நீற்றும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அந்தக் குழியோரம் வெறுங்காலோடு ஒருவரை நிற்கவைப்பது கொடுமை. முதலில் தண்ணீர், பிறகு கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக என்பதே முறை. தெறிப்பது கண்ணில் பட்டால் காரம் விழிக்குள் ஊடுருவிப் பார்வையையே பறிக்கலாம். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைத் தெளியவைக்கவும், உருக்காலையில் கசடு பிரிக்கவும் டன் கணக்கில் போவதும் இதே பொருள்தான். ஆபத்து எங்கேயும் ஒன்றே.

கண்ணைச் சுற்றி முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பூட்ஸ், பக்கத்தில் எப்போதும் ஒரு டிரம் நல்ல தண்ணீர்: இவற்றுக்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். கண்ணில் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் கழுவத் தொடங்கி, குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவ வேண்டும், இமைக்கடியில் ஒட்டிய துகளையும் எடுக்க வேண்டும், உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கட்டடங்கள்மேல் அக்கறையுள்ள ஒருவன்