என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தத்துக் கொடுத்த தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றி அறிய உரிமை உண்டா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றவர் பேசியிருக்கிறார், வளர்த்தவர் பேசியிருக்கிறார், வக்கீலும் பேசியிருக்கிறார். தத்துப் போனவர் ஒருவர்கூடப் பேசவில்லை. நான் தத்துப் போனவள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் 39ஆவது வயதில் ஒரு தபால் வந்தது. உறைக்குள் இன்னோர் உறை. கூடவே ஒரு சமூகப் பணியாளரின் குறிப்பு: 'உங்களைப் பெற்றவர் இதை எழுதியிருக்கிறார். உங்கள் பெயரும் விலாசமும் அவருக்குத் தெரியாது. விருப்பமில்லை என்றால் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம்.'

பதினோரு நாள் அதை நான் பிரிக்கவில்லை. அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ராத்திரி எழுந்துபோய், இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் பிரித்தேன். ஒரே பக்கம். 'நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தால் போதும்' என்பதுதான் முதல் வரி. இத்தனை வருஷமாக அதுகூடத் தெரியாமல் ஒருத்தி தூங்கி எழுந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஒரு சேதியைப் பெற்றவளிடம் சொல்ல யாருடைய சம்மதமும் தேவையில்லை என்பேன். பிள்ளை இருக்கிறதா, இல்லையா, நன்றாக இருக்கிறதா? இதைச் சொன்னால் யாருடைய வாசல் கதவும் தட்டப்படாது. பெயரும் விலாசமும் வேறு. அவை என்னுடையவை. என் பிள்ளைகளுக்கு அன்றுவரை நான் தத்துப் போனவள் என்பதே தெரியாது. அந்த அம்மா நேரே வாசலில் வந்து நின்றிருந்தால், நான் சொல்ல வேண்டியதை வேறொருவர் வாயிலிருந்து அவர்கள் கேட்டிருப்பார்கள்.

அவற்றை என்னைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். இது நடக்காத காரியமும் அல்ல. நியூசிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைக்கு 20 வயது ஆன பிறகு பெற்றவர் விண்ணப்பிக்கலாம். பிள்ளையைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்ட பிறகே பெயரும் விலாசமும் தருவார்கள். இங்கிலாந்திலும் 2005 கடைசியிலிருந்து, இடையில் நிற்கும் அமைப்பு தத்துப் போனவரைக் கேட்டுத்தான் விவரம் கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2013இல் வேறு பக்கம் போனது: வயதுவந்த பிள்ளையின் சம்மதம் இல்லாமலே பெற்றவர் விவரம் பெறலாம், பிள்ளை தன்னைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுதிவைக்கலாம். வற்புறுத்தலால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அங்கே ஏராளம். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெயரைக் கொடுத்துவிட்ட பிறகு 'வராதே' என்று எழுதிவைப்பதில் எனக்கு நிம்மதி வராது.

இரண்டு பேரும் தாமாகப் பதிந்தால் மட்டும் சேர்த்துவைக்கும் பதிவேடு போதும் என்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பதியாததை 'வேண்டாம்' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது.

கட்டுரை தொடாத ஒன்று இருக்கிறது. தாம் தத்துப் போனவர் என்பதே தெரியாமல் வாழ்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த முதல் தபாலே இடி. ஆகவே கேட்கப் போகிறவர் இந்த வேலை தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். அச்சடித்த படிவத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கக் கூடாது. எனக்கு வந்த குறிப்பின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அந்தப் பெண் அவசரப்படாமல் பேசினார்.

நான் பதில் எழுதினேன். இதுவரை நான்கு கடிதம் போய் வந்திருக்கிறது, எல்லாம் அந்தச் சமூகப் பணியாளர் வழியாகத்தான். என் பெயரை நாலாவது கடிதத்தில் நானே எழுதினேன். விலாசம் இன்னும் தரவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)