‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

செப்டம்பரில் நானும் என் கணவரும் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரம் வரை காரில் போய், சோ மோரிரி, சோ கர், சந்திரதால் ஏரிகளைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகக் கோவை திரும்பிவிட்டோம். படங்களைப் பார்த்து, ‘உங்களுக்கு ரொம்பத் தைரியம்’ என்று நிறையப் பேர் சொன்னீர்கள். தைரியமெல்லாம் இல்லை. வழிநெடுக யாராவது ஒருவர் எங்களைத் தடுத்து நிறுத்தினார், நாங்களும் நின்றோம். அவர்களுக்குத்தான் இந்த மடல். அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றாலும், நாலு பேர் அறியச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் வீட்டுக் கணக்கை முடித்துவிடுகிறேன். மகளைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கு நன்றி. சண்டிகரில் தன் டீசல் வண்டியின் சாவியைக் கையில் கொடுத்து, ‘கீறல் விழுந்தா விழட்டும், நீங்க முழுசா வந்தாப் போதும்’ என்ற கல்லூரி நண்பருக்கு நன்றி. அத்தை கட்டிக்கொடுத்த 3 லிட்டர் குக்கருக்கும் தனியாக ஒரு கும்பிடு. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியை வழக்கமான நேரம் வேகவைத்தால் நடுவே நறுக்கென்றுதான் இருக்கும். அத்தை, உங்கள் குக்கர் லடாக்கில் விசில் அடித்துவிட்டது! புளிக்காய்ச்சலும் கடைசி நாள் வரை வந்தது.

முன்பெல்லாம் ரோதாங் கணவாய் ஏறி இறங்கவே அரை நாள் ஆகுமாம். 2020-இல் திறந்த 9 கி.மீ. அடல் சுரங்கத்துக்குள் நுழைந்தால் பாட்டு இரண்டு கேட்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கத்து லாஹௌல் பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது. வண்டிக்கு வசதிதான், உடம்பு அந்த வேகத்துக்குப் பழக வேண்டுமே. ஜிஸ்பாவில் ஆற்றங்கரையில் கூடாரம் வாடகைக்கு விடும் பெரியவர் எங்கள் திட்டத்தைக் கேட்டார். மறுநாள் சர்ச்சுவில் தங்கல் என்றோம். தலையை ஆட்டினார். ஜிஸ்பா 3,200 மீட்டர், சர்ச்சு கிட்டத்தட்ட 4,300. ஒரே நாளில் அவ்வளவு ஏறி அங்கேயே படுத்தால் ராத்திரி தலைவலியும் வாந்தியும்தான் என்றார். இன்னொரு நாள் இங்கே இருங்கள், பகலில் ஊருக்கு மேலே மலையில் ஏறி நடந்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள், அடுத்த நாள் விடியுமுன் கிளம்பி வழியில் எங்கும் படுக்காமல் லே போய்ச் சேருங்கள், அது 3,500 மீட்டர்தான். அப்படியே செய்தோம். இரண்டாவது இரவுக்கு அவர் பாதி வாடகைதான் வாங்கினார். பெரியவரே, நன்றி.

அந்த நீண்ட நாளில் பரலாச்சா கணவாய்க்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரியைப் பார்த்தோம். பாகா நதி பிறக்கும் இடம். பச்சையும் நீலமுமாக, யாரும் இல்லாமல் கிடந்தது. காற்று காதைப் பிய்த்ததால் உடனே வண்டிக்குள் ஏறிவிட்டோம்.

லாச்சுங் கணவாயைத் தாண்டும்போது இவருக்குத் தலை கனக்க ஆரம்பித்தது. அடுத்து வரும் பாங் என்ற இடத்தில் ராணுவ முகாம் இருக்கிறது. வாசலில் நாங்கள் ‘இங்கேயே கேட்டுப் பார்க்கலாமா’ என்று பேசிக்கொண்டிருந்தபோது, காவலுக்கு நின்றவர் திரும்பி, “அக்கா, எந்த ஊரு?” என்றார். திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி! அவரே மருத்துவரிடம் கூட்டிப்போனார். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் கொடுத்து, மறுபடி பார்த்தார்கள். நாங்கள் எதிரே இருந்த பாராசூட் துணிக் கூடாரத் தாபாவில் ராத்தங்கலாம் என்று நினைத்தோம். தம்பி விடவில்லை. “இங்க படுக்காதீங்கக்கா. டாக்டரே போகலாம்னுட்டாரு. வெளிச்சம் இருக்கும்போதே டங்லங் லாவைத் தாண்டி இறங்கிடுங்க. இறங்கினாத்தான் சரியாகும்.” 5,328 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாயை ஏறிக் கடந்தால்தான் இறங்க முடியும் என்ற வேடிக்கை அந்தச் சாலைக்கே உரியது. நான்தான் ஓட்டினேன். உப்ஷி வந்ததும் இவர் பசிக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. தம்பி, இதைப் படிக்கக்கூடியவர் நீங்கள்தான். உங்கள் மருத்துவர் ஐயாவிடமும் சொல்லுங்கள்.

லேயில் நிதானமாக இருந்து உடம்பைப் பழக்கி, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சோ மோரிரிக்குப் போனோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002 முதல் உள்ள ஏரி. கருங்கழுத்துக் கொக்கும் வரித்தலை வாத்தும் குஞ்சு பொரிக்கும் இடமாதலால் கரையில் கூடாரம் போட விடுவதில்லை. கோர்சோக் கிராமத்தில் ஓர் அம்மா தன் வீட்டு முற்றத்தில், பார்லி வயலை ஒட்டி இடம் கொடுத்தார். எங்களுக்கு லடாக்கி தெரியாது, அவருக்கு இந்தி பாதிதான். ஆனாலும் எல்லாம் நடந்தது. எங்கள் சிறிய கேஸ் உருளை குளிரில் மூச்சடங்கிப்போய்விட்டது. அதிலுள்ள பியூட்டேன் கடுங்குளிரில் சரியாக ஆவியாகாது. அவர் தன் அடுப்பில் வெந்நீர் வைத்து எங்கள் பாட்டிலில் ஊற்றி, அதைத் துணியில் சுற்றித் தூக்கப்பையின் கால்மாட்டில் வைக்கக் காட்டினார். அவர் மகன் வந்து, வண்டியைக் கிழக்கே பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொல்லி, பானெட்டின்மேல் ஒரு பழைய கம்பளியைப் போர்த்தினார். காலையில் வெளியே வைத்திருந்த குடம் உறைந்து கிடந்தது. வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியது.

அதே பையன்தான் எங்களைக் கோர்சோக் பூ புல்வெளிக்கு நடத்திக் கூட்டிப்போனார். சாங்பா மேய்ப்பர்கள் யாக் முடியால் நெய்த கூடாரங்கள் போட்டு, பஷ்மினா ஆடுகளோடு கோடையைக் கழிக்கும் இடம். ஒரு கூடாரத்தில் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தார்கள். (இவருக்குப் பிடிக்கவில்லை. நான் மூன்று கோப்பை குடித்தேன்.) அதற்கு மேலே ஏறலாம் என்று ஆசைப்பட்டபோது, அந்த வீட்டுப் பாட்டி மேற்கே மேகத்தைக் காட்டிக் கையசைத்தார். திரும்பினோம். கிராமத்துக்கு வருவதற்குள் தலையெல்லாம் ஆலங்கட்டி. பாட்டிக்கும் பையனுக்கும் ஜூலே, லடாக்கியில் நன்றி.

திரும்பும் வழியில் சோ கரில் கியாங் கழுதைகளை ஆசைதீரப் பார்த்தோம்.

கடைசியாக, சந்திரதால் போகும் வழியில் சத்ரு, பாட்டல் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே எங்களை மறித்த சாலைத் தொழிலாளர்களுக்கு. 1960-இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பின் மஞ்சள் பலகைகளையும் அதிலுள்ள வேடிக்கை வாசகங்களையும் எல்லோரும் படம் எடுக்கிறோம். அந்தச் சாலையில் கல் உடைப்பவர்களை எடுப்பதில்லை. நாங்கள் பார்த்தவர்கள் ஜார்கண்டின் தும்கா பக்கத்துக்காரர்கள். சாலையே ஓடைக்குள் போகும் இடம் அது. பகல் வெயிலில் பனி உருகி, மதியத்துக்குமேல் தண்ணீர் ஏறும், விடியலில் வடிந்திருக்கும். நாங்கள் போனது நாலு மணிக்கு. “இன்னிக்கு வேண்டாம்” என்று அவர்கள் சொன்னதும் பேச்சே இல்லாமல் வண்டியை ஓரம்கட்டினோம். தங்கள் தகரக் கொட்டகை பக்கத்தில் கூடாரம் போட இடம் காட்டினார்கள். ரொட்டி அவர்களுடையது, சோறும் புளிக்காய்ச்சலும் எங்களுடையது. காலையில் ஒருவர் முட்டிவரை தண்ணீரில் இறங்கி, எந்தக் கல்லை விட்டு எதன்மேல் ஏற்ற வேண்டும் என்று முன்னால் நடந்தே காட்டினார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. அன்று மதியம் சந்திரதாலைச் சுற்றி நடந்தோமே, அது அவர் காலில் பட்ட குளிரால் கிடைத்தது.

ஒரு வேண்டுகோள். கோர்சோக் அம்மாவுக்கும் தும்கா அண்ணன்களுக்கும் படங்களை அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். பாங்கில் இருக்கும் தம்பிக்கு அரை கிலோ காபித் தூளும் ஒரு பில்டரும். அடுத்த ஜூனில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் கிளம்புமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். குக்கர் வேண்டுமென்றால் அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.