97 ராம் வாங்கிய தம்பிக்கு: பம்பில் கை வைக்கும் முன்

அன்புள்ள தம்பி,

1997 டாட்ஜ் ராம் 2500 பிக்கப், அதுவும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின். நல்ல வண்டிதான் பிடித்திருக்கிறாய். டீசல் பம்பின் பின்பக்கம் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டைக் கழற்றிவிட்டு 300 ஹார்ஸ்பவர் எடுக்கப் போகிறேன், கம்பெனி ஆட்டோ கியர்பாக்ஸ் தாங்குமா என்று கேட்டிருக்கிறாய். தாங்காது. கொஞ்ச நாள் தாங்குவது போலத் தெரியும். அதை நம்பி டிரெய்லரை மாட்டுவாய், அங்கேதான் வினை.

என் பேச்சை நம்ப வேண்டாம், டாட்ஜ் என்ன செய்தது என்று பார். 1996 முதல் 98 வரை இதே இன்ஜினை மேனுவல் கியரோடு வாங்கியவர்களுக்கு 215 ஹார்ஸ்பவர், 440 பவுண்ட்-அடி டார்க் (சுழற்றும் விசை) கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு 180, 420. வித்தியாசம் முக்கியமாகப் பம்பில்தான். ‘215 பம்ப்’ என்று இன்றும் பழைய சாமான் கடைகளில் தேடி அலைகிறார்களே, அது இதுதான். 2001-ல் 245 ஹார்ஸ்பவர் ரகம் வந்தபோது அதையும் ஆறு கியர் மேனுவலோடு மட்டுமே விற்றார்கள். 2003-ல் 48ஆர்இ என்ற பலப்படுத்திய கியர்பாக்ஸ் வந்த பிறகுதான் பெரிய பவரை ஆட்டோமேட்டிக்கின் தலையில் வைத்தார்கள். செய்தவனே பயந்து 35 ஹார்ஸ்பவரைக் குறைத்துக் கொடுத்த கியர்பாக்ஸின் மேல் நீ 120 ஏற்றப் பார்க்கிறாய்.

ஆட்டோமேட்டிக் என்றாலே சோப்ளாங்கி என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதே. 2013 ராமில் கதை தலைகீழ்: ஐசின் கம்பெனி செய்த ஆட்டோமேட்டிக்குக்கு 850 பவுண்ட்-அடி, மேனுவலுக்கு 660தான்.

உன் வண்டியில் இருக்கும் 47ஆர்இ கியர்பாக்ஸ், 1962-ல் வந்த கிரைஸ்லர் ஏ727 கியர்பாக்ஸின் வம்சம். மூன்று கியர் பெட்டிக்குப் பின்னால் ஓவர்டிரைவை ஒட்டவைத்தது. அடிப்படை பெட்ரோல் இன்ஜின் காலத்துடையது. கம்மின்ஸோ 1600 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கையும் இறக்கிவிடும். கியர்பாக்ஸுக்கு வலிப்பது ஹார்ஸ்பவர் அல்ல, டார்க்தான். நிற்கிற வண்டியைக் கிளப்பும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) அதை இன்னும் பெருக்கி, கியர்பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டில் ஏற்றுகிறது.

முதலில் போவது பெரும்பாலும் கன்வெர்ட்டருக்குள் இருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச். கம்பெனி கன்வெர்ட்டரில் ஒரே ஒரு தட்டு. டாப் கியரில் பூட்டியபடி டிரெய்லரோடு மேடு ஏறும்போது அந்த ஒற்றைத் தட்டு வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் சூடு. சூட்டில் ஆயில் கருகும், தட்டின் துகள் ஆயிலோடு, ஆயிலைப் பகிர்ந்து கியரை மாற்றும் வால்வ் பாடிக்குள் போகும், அப்புறம் மற்ற கிளட்ச்களும் வரிசையாகப் போகும்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. கிளட்ச்களை அழுத்திப் பிடிக்கும் ஆயில் பிரஷரை இந்தப் பெட்டி ஒரு கேபிள் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. நீ பெடலை எவ்வளவு மிதித்தாய் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியாது. பம்பின் தட்டைக் கழற்றிய பிறகு, முன்பு முழுசாக மிதித்தால் கிடைத்த இழுவை பாதி மிதியிலேயே வரும். பிரஷர் மட்டும் பாதி மிதிக்கு உரியதாகவே இருக்கும். கேபிளைக் கொஞ்சம் இறுக்கலாம், ஆனால் அது மருந்தல்ல.

இப்போதே உன் கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்று பார். ஹைவேயில் மணிக்கு 60 மைலில் டாப் கியரில் சீராகப் போகும்போது பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்து. வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் 200, 300 ஏறினால் லாக்கப் இப்போதே வழுக்குகிறது என்று சந்தேகப்படு. வேகமாக மிதித்தால் கம்ப்யூட்டரே லாக்கப்பை விடுவித்துவிடும், அதை வழுக்கல் என்று நினைத்துவிடாதே. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் ‘பான்’ என்ற தொட்டியைக் கழற்றியும் பார். அதிலிருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. கருந்துகளும் கருகிய வாடையும் இருந்தால் பம்பைப் பற்றிய பேச்சையே விடு.

பவர் வேண்டும்தான் என்றால், செலவைக் கியர்பாக்ஸில் தொடங்கு. மூன்று தட்டுள்ள, டீசலுக்கென்றே ஸ்டால் (வண்டி நிற்கும்போது கன்வெர்ட்டர் இன்ஜினை ஏறவிடும் ஆர்பிஎம்) குறைத்துச் செய்த கன்வெர்ட்டர், பிரஷர் ஏற்றிய வால்வ் பாடி, பலமான இன்புட் ஷாஃப்ட், ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர். ‘ஷிஃப்ட் கிட் (கியர் மாறுவதை இறுக்கும் சில்லறைச் சாமான்) மட்டும் போட்டால் போதும்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே. இதற்கெல்லாம் இப்போது பணமில்லை என்றால், பம்பின் தட்டை இருந்த இடத்திலேயே விட்டுவை. 180 ஹார்ஸ்பவரில் டிரெய்லர் மெதுவாக மேடு ஏறும், ஆனால் ஏறும்.

மேடு ஏறி இறங்கி வண்டியை நிறுத்திக் கியர்பாக்ஸை ஆற்றப் பார்த்தால், ‘பார்க்’கில் போடாதே. இந்தப் பெட்டியில் ‘பார்க்’கில் கன்வெர்ட்டர் வழியாகக் கூலருக்கு ஆயில் ஓடாது. ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் ஓடவிடு. டிப்ஸ்டிக் பார்ப்பதும் அப்படியே, சூடான இன்ஜினில், நியூட்ரலில். ஊற்றுவது ஏடிஎஃப்+4 என்ற கியர்பாக்ஸ் ஆயில் மட்டும். பானைக் கழற்றும்போது காந்தத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்