சரசுவுக்கு, இங்கிலாந்தின் பிரான்ஸ்டனிலிருந்து

அன்புள்ள சரசு,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. "அவ உன் பேரையே எடுக்கறதில்ல" என்று ஜெயா போனில் சொன்னாள். உன் கோபம் நியாயம்தான். நேரமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், படகில் கிடப்பவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதன் முடிவு தெரியாமல் உனக்கு எழுத மனசு வரவில்லை. நேற்று சாயங்காலம் தெரிந்துவிட்டது, இன்று காலையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. இவருக்கு முழங்கால் தேவலை, லாக் கதவைத் (லாக் என்பது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்குகிற தொட்டி) தள்ளுகிற அளவுக்குத் தேறிவிட்டார். பையன் வேலை மாறிவிட்டான். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். கணேசன் பெண் கல்யாணத்துக்கு நீ கட்டாயம் போயிருப்பாய். யார் யார் வந்தார்கள், பச்சைப் பட்டுக்காரி வந்தாளா, வந்து என்ன சொன்னாள், ஒன்று விடாமல் எழுது. இதை நீ சுருக்கினால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதக் கடைசியில் பிரான்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தோம். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயும் கூடுகிற இடம் அது. சர்ச்சின் கூர்கோபுரம் வெகு தூரத்திலிருந்தே தெரியும். அங்கே கரை நெடுகப் படகுகள் கட்டிக் கிடக்கும். அவற்றைத் தாண்டினால் மேலேறிப் போக 6 லாக், அதற்கும் அப்பால் ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம். எங்கள் நேரோபோட், அதுதான் ஒடுக்கமான கால்வாய்ப் படகு, 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். நம் ஹாஸ்டல் வராந்தாவைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். சுக்கான் என் கையில். இவர் லாக்கைத் தயார் செய்ய விண்ட்லாஸை, அதுதான் அந்த எல் வடிவ இரும்புச் சாவியை, இடுப்பில் செருகிக்கொண்டு கரையோடு முன்னால் நடந்து போயிருந்தார்.

அங்கிருந்து போன் செய்தார். "கீழ் லாக்குல ஒரு படகு நமக்காகக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்குது. வயசானவங்க. சீக்கிரம் வா."

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து லாக் எல்லாம் அகலமானவை, எங்களைப் போன்ற படகு இரண்டு பக்கத்தில் பக்கம் நிற்கலாம். ஒருமுறை நிரப்ப இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீர் வரை ஆகும், அத்தனையும் மேட்டுக் கால்வாயிலிருந்து இறங்கி வர வேண்டும். ஒரு படகு போனாலும் அதே தண்ணீர்தான், இரண்டு போனாலும் அதே தண்ணீர்தான். அதனால் பின்னால் ஒரு படகு வருவது தெரிந்தால் முன்னால் இருப்பவர் காத்திருப்பார். 2025 கோடையில் மழை பொய்த்து, லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் நீண்ட தூரத்துக்குப் படகே விடக் கூடாது என்று மூடிவிட்டார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு லாக் தண்ணீர் வீணாவது வயிற்றெரிச்சல். முன்பின் தெரியாத இரண்டு பேர் நமக்காக வெயிலில் நிற்கிறார்களே என்று நான் வேகத்தைக் கூட்டினேன்.

கால்வாயில் மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம், ஆள் வேகமாக நடக்கிற நடை. அதை நான் தாண்டவில்லை. ஆனால் கட்டிக் கிடக்கிற படகுகள் பக்கத்தில் அந்த 4 மைல் மகா தப்பு. முதல் படகுக்கு மூன்று நான்கு படகு நீளம் முன்பாகவே எஞ்சினை ஐட்லிங்குக்கு இறக்க வேண்டும், கடைசிப் படகைத் தாண்டும்வரை வேக நெம்புகோலைத் தொடக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பாதிப் படகுகளைத் தாண்டும்வரை மெதுவாகத்தான் போனேன். அப்புறம் லாக்கில் நிற்கிறவர்கள் நினைவு வந்தது, கை தானாகத் தள்ளிவிட்டது.

லாக்கில் சேர்ந்துகொண்டோம், அந்தத் தம்பதி சிரித்த முகமாகக் கயிற்றை வாங்கிப் போட்டார்கள், முதல் லாக் ஏறினோம். இரண்டாவது லாக்கில் கதவு மூடுகிறபோது ஒருவர் கரைப்பாதையில் சைக்கிளில் வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும். இடது மணிக்கட்டில் ஈரத் துண்டு சுற்றியிருந்தார். வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒற்றைக் கையால் கதவில் சாய்ந்து, இவரோடு சேர்ந்து தள்ளி மூடினார். மூடிய பிறகு என்னைப் பார்த்து, "நீல நிறப் படகு உங்களுடையதுதானே? ஏறி முடிந்ததும் பத்து நிமிஷம் என்னோடு வர முடியுமா?" என்றார்.

சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது, சரசு.

படகை இவரிடம் விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். அவருடைய படகு பாதிக் கால்வாயை மறித்தபடி சாய்ந்து கிடந்தது. படகைக் கட்டக் கரையில் அடிக்கிற இரும்பு முளை இரண்டில், முன் முளை தரையில் இருந்தது. பின் முளை மண்ணோடு பிடுங்கி வந்து கயிற்று நுனியில் தண்ணீருக்குள் தொங்கியது. பக்கத்துப் படகுக்காரர் ஒரு கழியால் அதைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்படியில் தரை முழுக்க வெந்நீர், கெட்டில் கவிழ்ந்து கிடந்தது. நான் தாண்டிய அந்த நிமிஷத்தில் அவர் கெட்டிலைத் தூக்கிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். துண்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை சிவந்து, நடுவில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. எனக்குக் கால் நடுங்கியது. மன்னிப்புக் கேட்டேன், மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். "குழாயில் பிடித்துவிட்டேன், பார்த்துக்கொள்ளலாம். முதலில் முளையை அடியுங்கள்" என்று சுத்தியலை என் கையில் கொடுத்தார்.

அடித்தேன். நேராக இறக்காமல் சாய்த்து இறக்க வேண்டும், தலை தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மழையில் ஊறிய கரையில் எவ்வளவு ஆழமாக அடித்தாலும் முரட்டு இழுப்புக்கு அது தாங்காது.

அப்புறம் அவர் செய்ததுதான் என்னை இத்தனை நாள் உறங்கவிடாத விஷயம். "உள்ளே உட்காருங்கள்" என்றார். ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் ஊற்றி என் முன்னால் மேஜையில் வைத்தார். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு படகு வந்தது. அதன் எஞ்சின் துக் துக் என்று எண்ணிவிடலாம் போல ஓடியது. ஜன்னலில் நிழல் விழுந்தது, கோப்பைத் தண்ணீரில் ஒரு சின்ன வளையம் வந்து அடங்கியது, அவ்வளவுதான். இன்னும் கால் மணி கழித்து வேறொன்று வந்தது. சத்தம் கேட்பதற்கு முன்பே படகு அசைந்தது. முதலில் வருகிற படகை நோக்கி ஒரு நகர்வு, கயிறு முறுகுகிற சத்தம். பிறகு அது நம்மைத் தாண்டும்போது எதிர்த்திசையில் ஒரே இழுப்பு, அலமாரித் தட்டெல்லாம் கடகடவென்று சரிந்தன, கோப்பை என் மடியில். அது போன பிறகு மறுபடி முன்னால் ஓர் உந்தல்.

"இப்போது போனது உங்களைவிட மெதுவாகத்தான் போனது" என்றார்.

எனக்கு அலைதான் எதிரி என்று நினைப்பு. பின்னால் திரும்பிப் பார்ப்பேன், வெள்ளை நுரை இல்லையென்றால் சரியாகப் போகிறோம் என்று திருப்தி. அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. கால்வாய் குறுகல், ஆழமும் கொஞ்சம்தான். படகு தள்ளுகிற தண்ணீர் போக இடமில்லாமல் இரண்டு பக்கமும் பின்னோக்கி ஓடுகிறது. அப்போது கரையோரத்தில் தண்ணீர் மட்டம் இறங்குகிறது, கட்டிக் கிடக்கிற படகை அந்த ஓட்டம் வாரி இழுக்கிறது. அலையே எழும்பாமல்கூட இது நடக்கும். பார்க்க வேண்டியது நம் பின்னால் அல்ல, கரையோர நாணலை. நாணல் அடி தெரிகிற மாதிரி தண்ணீர் வற்றி இறங்கினால் வேகம் அதிகம். சுக்கான் பிடித்து நிற்கிறவளுக்கு இதில் எதுவும் தெரியாது, சரசு. நான் போய்விட்ட பிறகு, யாரோ ஒருவர் வீட்டுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் நான் மற்றவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன், இவர் சொல்கிறபடி கொஞ்சம் அளவுக்கு மீறியே. இங்கே எழுதி வைத்த விதி குறைவு. எதிரில் படகு வந்தால் நாம் வலப்பக்கம் ஒதுங்குவது, ராத்திரி 8 முதல் காலை 8 வரை கட்டிய இடத்தில் எஞ்சின் ஓட்டாமல் இருப்பது, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் இருப்பது, இப்படிச் சிலதான். மற்றதெல்லாம் வாய்வழி. எதிரில் ஒரு படகு லாக்கை நோக்கி வருகிறது, லாக் அவர்களுக்குத் தோதாக நிரம்பியிருக்கிறது என்றால், நாம் தண்ணீரை வடித்து நமக்குத் திருப்பிக்கொள்ளக் கூடாது, நின்று அவர்களை விட வேண்டும். போகும்போது பலகைகளை, அதுதான் லாக்குக்குள் தண்ணீரை விடவும் வடிக்கவும் தூக்குகிற மடைப் பலகைகளை, இறக்கிக் கதவை மூட வேண்டும். ஒரு பலகை அரையடி தூக்கியபடி கிடந்தால் போதும், விடிவதற்குள் மேலே உள்ள தண்ணீர் வடிந்து, அங்கே தூங்கினவர்கள் சேற்றில் சாய்ந்த படகில் கண் விழிக்க நேரலாம். தூண்டில்காரர் உட்கார்ந்திருந்தால் கரைக்கு ஒதுங்காமல் நடுவில் மெதுவாகப் போக வேண்டும். அவர்களுடைய கழி அக்கரை வரை நீளும், நம்மைக் கண்டதும் நிதானமாக இழுத்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு தலையசைப்பாவது தர வேண்டும்.

உதவியிலும் முறை இருக்கிறது. லாக்கில் நிற்கிறவரிடம் கேட்காமல் பலகையைத் தூக்கவே கூடாது. ஏறும்போது மேல்கதவுப் பலகையைச் சடக்கென்று திறந்தால் தண்ணீர் முன்பக்கத்தில் கொட்டிப் படகே முழுகலாம். இறங்கும்போது பின்பக்கம் உள்ளேயிருக்கிற கல்படியில் மாட்டிக்கொண்டால் படகு தலைகுப்புறத் தொங்கும். சுக்கான் பிடித்தவர் கை காட்டிய பிறகுதான் எதுவும். நம் முத்து கல்யாண வீட்டில் பந்தியில் புகுந்து உதவினானே, அந்த மாதிரி உதவி இங்கே உயிருக்கு ஆபத்து.

குதிரை இழுத்த காலத்தில் இரண்டு படகு எதிரெதிரே வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரே கரைப்பாதை, இரண்டு குதிரை, இரண்டு நீளக் கயிறு. ஒருவர் குதிரையை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்துவார். கயிறு தண்ணீருக்குள் அமிழும். மற்ற குதிரை அதைத் தாண்டிப் போகும், மற்ற படகு அதன்மேல் மிதந்து போகும். பழைய பாலங்களின் ஓரத்து இரும்பில் கயிறு உரசி அறுத்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன, விரலை வைத்துப் பார்த்தேன், முழு விரலும் உள்ளே போகிறது. அத்தனை கயிறு, அத்தனை பேர். ஒருவர் இழுப்பை விட்டுக்கொடுத்தால்தான் இரண்டு பேரும் போக முடியும் என்கிற ஏற்பாடு.

இப்போது இந்தக் கால்வாய்களில் சுமார் 35,000 படகு இருக்கிறது என்கிறார்கள். புதிதாக வருகிறவர்களைத் திட்டுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. வாடகைப் படகுக்காரர்கள்தான் காரணம் என்று கரையில் நின்று கத்துகிறார்கள். வாரக் கடைசியில் வருகிற அந்தப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்துக் கையில் சுக்கானைக் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நாணலைப் பார் என்று யார் சொன்னது? நான் மூன்று வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கே யாரும் கோப்பை வைத்துக் காட்டவில்லை. "மெதுவா போ" என்று ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கிறார்கள். கத்தினால் முகம்தான் சிவக்கும், கை இறங்காது. இதை இவரோடு ஒரு வாரம் வாதாடியிருக்கிறேன். இப்போது நாங்கள் கட்டிக் கிடக்கும்போது பக்கத்தில் வாடகைப் படகு வந்து கட்டினால், தேநீருக்கு உள்ளே கூப்பிடுகிறேன். படகு ஒன்று தாண்டும்வரை பேச்சை நீட்டிக்கொண்டிருப்பேன். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கோப்பை சொல்லிவிடும்.

அவருடைய கை என்ன ஆயிற்று என்பதுதான் தெரியாமல் இருந்தது. அன்று போன் நம்பர் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் படகு இல்லை. மட்கிய புல்லும், முளை இருந்த இரண்டு குழியும்தான். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போய்விட்டார் என்றார் பக்கத்துக்காரர். எதிரில் வந்த படகுகளிடம் சொல்லிவிட ஆரம்பித்தேன். இரண்டு படகு ஒன்றையொன்று தாண்ட இருபது நொடிதான், அதற்குள் மேலே மரம் விழுந்திருக்கிறது, மூன்றாவது லாக் உங்களுக்குத் தோதாக இருக்கிறது என்றெல்லாம் சேதி கைமாறும். அந்த இருபது நொடியில் அவர் படகின் பெயரைச் சொல்லி, கை எப்படி இருக்கிறது என்று நீலப் படகுக்காரி கேட்டாள் என்று சொல்லச் சொன்னேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், தெரியாது.

நேற்று சாயங்காலம் எதிரில் ஒரு படகு வந்தது. சுக்கானில் இருந்த பெண் எங்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு எஞ்சினை இறக்கினாள். "உங்களுக்கு ஒரு சேதி" என்று கத்தினாள். "கை ஆறிவிட்டதாம். தழும்பு மட்டும் இருக்கிறதாம். நாணலைப் பார்க்கிறீர்களா என்று கேட்கச் சொன்னார்." பார்க்கிறேன் என்று சொல் என்றேன். அதற்குள் அவள் தாண்டிப் போய்விட்டாள், கேட்டதோ இல்லையோ. திரும்பிக் கையை ஆட்டினாள்.

அடுத்த ஜூனில் நீயும் அத்திம்பேரும் வருவது உறுதிதானே? பத்து நாளாவது இருக்க வேண்டும், இரண்டு நாளில் ஓடுகிற வேலை வேண்டாம். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பிளாட்பாரத்தில் உட்காருகிற உன்னை மணிக்கு 2 மைல் வேகத்தில் கூட்டிப்போவதை நினைத்தால் எனக்கு இப்போதே சிரிப்பு. வழுக்காத செருப்பு கொண்டு வா. முளை அடிக்கிற சுத்தியல் உனக்கென்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். கல்யாணத்து விவரம் மறக்காதே.

உன்,
நளினி