நீ அனுப்பிய பென்குயின் படம்

குடியாத்தம்,
ஆனி மாதம்

அன்புள்ள சண்முகம்,

நலம். கேப் டவுன் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? இங்கே ஆனி பிறந்தும் வெயில் குறையவில்லை. போன வாரம் மோர்தானா பக்கம் யானைகள் இறங்கி, நம் கோவிந்தனின் வாழையை மிதித்துவிட்டன. அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் திறந்தேன்.

போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்கள் திருவிழாக் கூட்டம் போல நிற்கின்றன. "இத்தனை இருக்கும்போது அழிகிறது என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான், சண்முகம். உலகில் பென்குயின் 18 வகை. அதில் பாதிக்கு ஆபத்து. மிச்சம் சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நீ பார்த்த ஆப்பிரிக்கப் பென்குயினைத்தான் 2024 அக்டோபரில் 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தார்கள். அதற்கு அடுத்த படி இயற்கையில் இல்லாமல் போவதுதான். நூறு வருடத்துக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த பறவை. இப்போது குஞ்சு பொரிக்கும் ஜோடி பத்தாயிரம்கூட இல்லை. நீ நின்ற கடற்கரையிலேயே 1980களில் இரண்டு ஜோடிதான் வந்து கூடு கட்டினவாம். அங்கே பெருகியதைப் பார்த்துவிட்டு மற்ற தீவுகளில் காலியானதை மறந்துவிடுகிறோம்.

காரணம் பசி. மத்தியும் நெத்திலியும்தான் அதற்குச் சோறு. நாம் சந்தையில் படியில் அளந்து வாங்குகிற நெத்திலிக்குச் சொந்தக்கார மீன்தான். கடல் மாறி மீன் கூட்டம் இடம் பெயர்ந்துவிட்டது. இருப்பதைப் பெரிய படகுகள் வாரிக்கொண்டு போகின்றன. இறகு உதிர்க்கும் மூன்று வாரமும் பென்குயின் தண்ணீரில் இறங்க முடியாது. முன்கூட்டியே தின்று கொழுத்திருந்தால்தான் பிழைக்கும். மீன் கிடைக்காத வருடம் கரையிலேயே நின்று சாகும். அண்டார்டிகாவில் இன்னொரு கொடுமை. 2022இல் ஒரு பகுதியில் கடல் பனி முன்னதாகவே உடைந்து, நீர் ஒட்டாத இறகு முளைக்காத எம்பரர் பென்குயின் குஞ்சுகள் தண்ணீருக்குள் போயின. அங்கிருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சும் தப்பவில்லை என்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குப் பாறுக் கழுகின் நினைவு வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் திருக்கழுக்குன்றம் போனோமே, உச்சி வேளையில் மலை மேல் கழுகு இறங்கி அமுது உண்டதை வாய் பிளந்து பார்த்தாயே. பல வருடமாக அங்கே கழுகு வருவதில்லை. நம் ஏரிக்கரையில் செத்த மாட்டின் மேல் கும்பலாக உட்கார்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகுகளும் போய்விட்டன.

இதை யாரிடமும் சொன்னதில்லை. 1997இல் எங்கள் எருமைக்குக் காய்ச்சல் கண்டு, கால்கள் வீங்கி, வலிக்கு ஊசி போட்டார்கள். இரண்டே நாளில் செத்தது. நான்தான் ஆள் வைத்து மலையடிவாரத்துக்கு இழுத்துப் போய்ப் போட்டேன். மறுநாள் காலையில் கழுகுகள் வந்து தின்றுகொண்டிருந்தன. அந்தக் குப்பியில் இருந்த பெயர் டைக்ளோபினாக். அந்த மருந்து ஊறிய மாட்டைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் செத்துவிடும் என்று 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். 2006இல் மாட்டுக்கு அதைப் போடத் தடை வந்தது. செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மாட்டின் வலி தீரட்டும் என்றுதான் போட்டோம். நெத்திலி பிடிக்கிறவனும் பென்குயினைக் கொல்லவா படகு எடுக்கிறான்?

சரி, ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் உடன்பாடு ஆகி, ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து வருடத்துக்கு மத்தியும் நெத்திலியும் பிடிக்கும் பெரிய படகுகளுக்குத் தடை போட்டிருக்கிறார்கள். மறுபடி அந்தப் பக்கம் போனால், இப்போது மீன் கிடைக்கிறதா என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டு எழுது.

அப்புறம், நீ தை மாதம் வருவாய் அல்லவா? மசினகுடி போகலாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறு பறக்கிறது. முட்டி வலி இருந்தாலும் நான் வருகிறேன். பைனாகுலர் உன் மகனிடம் இருந்தால் எடுத்து வா.

அன்புடன்,
ராஜமாணிக்கம்