பந்தைப் பார்க்கட்டும், உன் முகத்தை அல்ல

அன்புள்ள மகனுக்கு,

14 வயதுக்குட்பட்ட வாலிபால் அணிக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. "நீ எப்படிம்மா பசங்களைப் பழக்கினே?" என்று கேட்டாய். சட்டென்று சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஆடிய காலத்தில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. 15 எடுத்தால் செட். அணியில் நான்தான் குள்ளம். பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தெடுப்பேன். இடம் மாறிச் சுற்றி முன்வரிசைக்கு வந்ததும் என்னை வெளியே கூப்பிட்டு, உயரமான ஒருத்தியை இறக்கிவிடுவார்கள். பின்வரிசையில் மட்டும் நின்று பந்தெடுக்கும் லிபரோ என்று ஒரு இடம் 1998-இல்தான் வந்தது, எனக்கு அது வாய்க்கவில்லை. ஒரு மேட்சில்கூட நான் ஸ்மாஷ் அடித்ததில்லை. அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது.

அதனால் உன்னிடம் வரும் பிள்ளைகளை உயரம் பார்த்துப் பிரிக்காதே. 13 வயதில் குட்டையாக இருப்பவன் 16-இல் உன்னைவிட வளர்ந்து நிற்பான். எல்லாரும் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கட்டும், எல்லாரும் அடிக்கட்டும். நெட் உயரத்தையும் குறைத்துக் கட்டு. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது பெரியவர்களுக்கான உயரம். எட்டாத நெட்டில் அடிக்கச் சொன்னால் பிள்ளைகள் பந்தை அடிக்க மாட்டார்கள், அள்ளித் தள்ளுவார்கள். அந்தப் பழக்கம் கையில் உட்கார்ந்துவிட்டால் லேசில் போகாது.

இத்தனையும் தெரிந்த நானே பயிற்சி கொடுத்த முதல் வருஷம் ஒரு தப்பு செய்தேன். கோட்டுக்கு வெளியே நின்று ஓயாமல் கத்துவேன். ஒருநாள் ஒரு சின்னப் பெண் போட்ட சர்வீஸ் நெட்டில் பட்டு, மேல் பட்டையில் உருண்டு, எதிர்ப்பக்கம் விழுந்தது. ஆட்டம் நிற்கவில்லை. அவர்கள் எடுத்துத் திருப்பிய பந்து அவளுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. அவள் அசையவே இல்லை. தோள் குறுகி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டு வரும் என்று காத்திருந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

மறுநாள் அவளை நெட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டில் நிறுத்தி சர்வீஸ் போடச் சொன்னேன். தொடர்ந்து ஐந்து தாண்டினால் ஒரு அடி பின்னால். முழங்கை தொங்காமல், பந்தைக் கைக்கு எதிரே தூக்கிப் போட்டு அடித்தாள். சர்வீஸ் போட வேண்டிய 9 மீட்டர் கோட்டுக்கு வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆகட்டுமே! அன்றிலிருந்து பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதை அப்புறம் பக்கத்தில் போய், ஒன்றே ஒன்றை மட்டும் சொல்வேன். இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. பக்கத்திலிருப்பவரைப் பார்க்கவே நேரம் போதாது, இதில் நம் முகத்தை வேறு எங்கே பார்ப்பது?

இன்னொன்று. முட்டிச் சிப்பிக்குக் கீழே வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்குக் குதிக்க விடாதே. வலியைத் தாங்குவது வீரம் என்று மட்டும் சொல்லித் தராதே.

அப்புறம், "எனக்கு!" என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பந்தெடுக்கச் சொல்லிக்கொடு. அந்தச் சின்னப் பெண் முதல்முறை அப்படிக் கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அணியில் வாயே திறக்காத பிள்ளை யார்? அடுத்த தடவை பேசும்போது அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லு.

அன்புடன்,
அம்மா